கை பொத்துப்போன படம்

டொப்.

இப்படித்தானுங்க ஆரம்பித்தது. ராத்திரி எட்டு, எட்டேகால் இருக்கும். என் பெண்ணுக்குப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். பதினாலு மாதம் ஆகிறது அவளுக்கு. தன்மயா என்று பெயர் வைத்தோம், இந்தக் காம்பவுண்டில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை, தம்மு என்று ஆகிவிட்டது. பின்பக்கம், பாத்ரூம் சுவரோரத்திலிருந்து, யாரோ வாய் நிறையக் காற்றை அடக்கிவைத்து ஒரேயடியாக விட்ட மாதிரி, டொப்.

இல்லைங்க, காபியெல்லாம் வேண்டாம். நீங்கள் இன்றைக்குத்தான் குடிவந்திருக்கிறீர்கள், அடுப்பே இன்னும் இறக்கவில்லை. இப்படி இந்த மூட்டை மேலேயே உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போகிறேன். வேனிலிருந்து சாமான் இறக்கும்போது ஒரு வெள்ளைக் கேன் பார்த்தேன். முப்பத்தைந்து லிட்டர் கேன். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை. அதான் வந்தேன். வம்புக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

என்ன சொன்னேன்? ஆங், டொப்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவர், வர ராத்திரி பதினொன்று ஆகும். நானும் பிள்ளையும்தான். கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி, டொப். நான் ஈரோட்டில் கான்வென்ட்டில் படித்தவள். பயம் வந்தால் முருகா என்று வராது, "அவர் ஃபாதர் ஹூ ஆர்ட் இன் ஹெவன்" என்றுதான் வரும். பாதி வரை சொன்னேன். மீதி மறந்துவிட்டது. மறந்த ஜெபத்துக்கு எந்தத் திருடன் பயப்படுவான்? சப்பாத்திக் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் அதே நேரம், அதே சத்தம். மூன்றாவது நாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆளும் இல்லை, பேயும் இல்லை. சுவரோரம் கேன் நிற்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வயிறு டொப்பென்று உள்ளே போனது. பகலெல்லாம் வெயிலில் உப்பி, பொழுது சாய்ந்ததும் அடங்குகிறது. மூன்று ராத்திரி நான் தூங்காமல் கிடந்தது ஒரு பிளாஸ்டிக் கேனுக்கு.

அந்தக் கேன் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமே. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இங்கே ஒன்பது நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். சித்திரையில் பத்து, பன்னிரண்டு நாளும் ஆகும். பிடித்துவைக்க ஏனம் பத்தாது. அதனால் யார் வீட்டு ஆள் எந்தக் கம்பெனியில் இருந்தாலும் காலிக் கேன் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு கொண்டுவந்தார். ஒன்று எங்களுக்கு, ஒன்று பேச்சியக்காவுக்கு. அதோ, எதிர் வீடு. வீட்டிலேயே மிஷின் போட்டு பனியனுக்கு ஓவர்லாக் தைக்கிறவர். ஊர் சங்கரன்கோவில் பக்கம். சத்தம் அதிகமாக இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

கொண்டுவந்த அன்றே அவர் சொன்னார். "அடியில கொஞ்சம் கெடக்குது. மூடியத் தெறக்காத. ஞாயித்துக்கிழமை நானே பட்டறைக்கு எடுத்துட்டுப் போயி கழுவிட்டு வர்றேன்." நான் கேட்டேனா? கேட்டேன். காதால் கேட்டேன்.

அதற்குள் பேச்சியக்கா கேனை உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, இதுல என்னமோ எழுதியிருக்கே, வாசி பாப்போம்" என்றார்.

இந்தக் காம்பவுண்டில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்கும் இங்கிலீஷ் வாசிக்க நான் ஒருத்திதான். மாத்திரை அட்டையா, ஸ்கூல் டைரியா, கேஸ் கம்பெனி மெசேஜா, எல்லாம் என் வாசலுக்கு வரும். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பேன். அன்றைக்கும் வாசித்தேன். "சைக்ளோஹெக்சிலமைன்." ஒரே மூச்சில், தடங்கல் இல்லாமல். "கரோசிவ். ஃபிளேமபிள் லிக்விட். கீப் கன்டெய்னர் டைட்லி க்ளோஸ்டு." எங்கள் சிஸ்டர் கேட்டிருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். உச்சரிப்பு அப்படி. அர்த்தம்? அர்த்தத்தைப் பற்றி அங்கே யார் கேட்டார்கள்? பேச்சியக்கா கேட்டார்.

"அப்படின்னா என்ன அர்த்தம்?"

எனக்குக் கெமிஸ்ட்ரியில் தொண்ணூற்றிரண்டு. அந்தத் தொண்ணூற்றிரண்டை வைத்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல முடியுமா? வீட்டுக்காரர் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. பாய்லரிலிருந்து நீராவி குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து தண்ணீராகும்போது அந்தத் தண்ணீர் புளித்துப்போய்க் குழாயையே அரிக்குமாம். இந்த அமைனை ஊற்றினால் நீராவியோடு கூடவே போய் அந்தப் புளிப்பை முறித்துவிடுமாம். குழாய் பிழைத்துக்கொள்ளும். அதை வைத்து நான் ஒரு விளக்கம் கொடுத்தேன் பாருங்கள்.

"இது தண்ணிக்குப் போடற மருந்துதானுங்க்கா. துருப் புடிக்காம காப்பாத்தும். இரும்பையே காப்பாத்துது, நம்ம தண்ணியக் காப்பாத்தாதா? மூடிய மட்டும் இறுக்கமா மூடி வைக்கோணும்னு போட்டிருக்குது."

லேபிளில் இரண்டு படம் இருந்தது. ஒன்றில் தீ. அதைச் சுடுதண்ணீரும் ஊற்றி வைக்கலாம் என்று சொன்னேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். இன்னொன்றில் ஒரு கை, அதன் மேல் ஒரு குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எதுவோ விழுகிறது. "இது கையக் கழுவிட்டுத் தொடோணும்ங்கறதுக்கு" என்றேன். "சுத்தம். ஹைஜீன்."

பேச்சியக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். "கை பொத்துப்போயில்லா இருக்கு? இங்க பாரு, தண்ணி விழுத எடம் ஓட்டையாட்டு இருக்கு."

"அது சோப்பு நுரைங்க்கா."

"நுரையா?"

"நுரைதானுங்க்கா. நான் படிச்சிருக்கறேனல்ல."

நுரை என்று சொன்னேனுங்க. என் வாயால். காம்பவுண்டே கேட்டது. மறுநாளே இன்னும் நாலு வீட்டில் எங்கள் வீட்டுக்காரரிடம் கேன் சொல்லிவைத்துவிட்டார்கள். தாரிணி, நான்தான், வாசித்துப் பார்த்து நல்ல கேன் என்று சொல்லிவிட்டாள் அல்லவா.

இரண்டு நாள் கழித்து மீன் நாற்றம். வெயில் ஏற ஏற, மீன் கழுவிய தண்ணீர் தேங்கிக் கிடக்கிற மாதிரி ஒரு நாற்றம், பாத்ரூம் பக்கத்திலிருந்து. நாங்கள் சைவம். நாற்றம் வந்தால் யாரைச் சந்தேகப்படுவேன்? எதிர் வீட்டைத்தானே. நேரே போய் நின்றேன். "ஏனுங்க்கா, மீனு கழுவுன தண்ணிய அந்தப் பக்கம் ஊத்தாதீங்க. சின்னக் கொழந்தை இருக்கற வீடு."

பேச்சியக்கா மிஷினிலிருந்து எழுந்து வந்து, வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. மாரியம்மன் கோயில் பண்டிகைக்குக் காப்புக் கட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. காப்புக் கட்டியவர் முட்டைகூடத் தொடமாட்டார். அவரைப் போய் மீன் கழுவினாய் என்று கேட்டிருக்கிறேன்.

"படிச்ச புள்ள" என்றார். அவ்வளவுதான். மிஷினுக்குப் போய்விட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். ஃபிளேமபிள் என்று எழுதியிருந்த கேனுக்கு நாலடி தூரத்தில்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கேன்தான் என்று தெரிந்தும் ராத்திரி தூக்கமே இல்லை. அந்தச் சத்தத்தை ஒழித்துவிட வேண்டும் என்று மத்தியானம் ஒரு யோசனை வந்தது. உள்ளே காற்று அடைத்துக் கிடப்பதால்தானே சத்தம்? மூடியைக் கொஞ்சம் திருகிக் காற்றை விட்டுவிட்டு மறுபடி மூடிவிட்டால்? தொண்ணூற்றிரண்டு மார்க் யோசனை. இரண்டு மணி வெயில். கேன் நிறைமாதக்காரி போல உப்பி நின்றது. தம்மு கீழே விட்டால் அழுவாள், அதனால் இடுப்பில். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மூடி.

திருகினேன். பீச்சியடித்தது.

ஒரு உள்ளங்கை அளவுகூட இருக்காதுங்க. என் கை மேலும் புடவை மேலும் பாதி. மீதி தம்முவின் வலது கன்னத்தில், கண்ணில்.

அவள் கத்திய கத்தலைச் சொல்ல எனக்கு வராது. சொல்லவும் மாட்டேன்.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ரவிக்கை ஊக்கைக் கழற்றினேன். கண்ணில் எது விழுந்தாலும் தாய்ப்பால் பீச்சுவார்கள், அதுதான் மனதில் வந்தது. தொண்ணூற்றிரண்டு மார்க் எங்கே போனது என்று தெரியவில்லை. யாரோ என் கையைத் தட்டிவிட்டார்கள். பேச்சியக்கா. மிஷினில் இருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறார், கழுத்தில் டேப் தொங்குகிறது.

"பாலும் வேண்டாம் கீலும் வேண்டாம். தண்ணி! தண்ணிய ஊத்துட்டி!"

எங்கள் வீட்டில் ஒரே ஒரு வாளி மிச்சம். தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. அந்த வாளி மூன்று நிமிடத்தில் தீர்ந்தது. பேச்சியக்கா பிள்ளையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் இமையைத் திறந்துவைத்துக்கொண்டு, "என் வீட்டுக் கொடத்த எடு" என்கிறார். நான் ஓடி எடுத்துவந்து சாய்க்கப் போகிறேன், கை நின்றுவிட்டது. "அக்கா, இது அந்தக் கேன்ல ஊத்தி வச்ச தண்ணிங்களா?"

"அதுல எவ ஊத்தி வச்சா? கை பொத்துப்போன படம் போட்டிருக்கு, அதுல என் பிள்ளைகளுக்குத் தண்ணி வைப்பனா? பரண்ல கெடக்கு. ஊத்து!"

என் இங்கிலீஷை அவர் ஒரு நாளும் நம்பவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் அதைவிட நல்ல சேதி உலகத்தில் எனக்கு இல்லை.

ஊற்றிக்கொண்டே வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை, பாய்லர் சத்தத்தில் கேட்டிருக்காது. லேபிளின் அடியில் அவசரத்துக்கு என்று ஒரு நம்பர் இருந்தது. அதைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு ஆண்குரல் "ஹலோ" என்றது. நான் என்ன பேசினேன் என்று நினைக்கிறீர்கள்? "குட் ஆஃப்டர்நூன் சார். மை டாட்டர் ஹேஸ் பீன்..." அதற்கு மேல் வரவில்லை. பிள்ளையின் கண் வெந்துகொண்டிருக்கிறது, நான் வாக்கியத்துக்கு வினைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"அம்மா, தமிழ்ல சொல்லுங்க. நான் விருதுநகர்தான்."

அழுதுகொண்டே சொன்னேன். அவர் பதறவில்லை. "கேளுங்கம்மா. அது சாதாரணத் தண்ணி மாதிரி இல்ல, கடுமையான காரம். கண்ணுக்குள்ள போனா நிக்காம இறங்கிட்டே இருக்கும். தண்ணியில நல்லாக் கரையும், அதனால தண்ணிதான் மருந்து. பிள்ளை சட்டையக் கழட்டுங்க. தலையச் சாச்சு, இந்தக் கண்ணுத் தண்ணி அந்தக் கண்ணுல விழாம ஊத்துங்க. கடிகாரத்தப் பாத்து பதினஞ்சு நிமிஷம். நடுவுல நிறுத்தாதீங்க. வேற எதுவும் போடாதீங்க. அப்புறம் நேரா ஆஸ்பத்திரி. பக்கத்துல தண்ணி இருக்குல்ல?"

"நாங்க திருப்பூர் சார்" என்றேன்.

விருதுநகர்க்காரருக்குப் புரிந்துவிட்டது. "அக்கம்பக்கத்துல கேளுங்கம்மா" என்றார்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பேச்சியக்கா ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். முதல் வீட்டிலிருந்து அண்டா. மூன்றாம் வீட்டிலிருந்து குளிக்க வைத்திருந்த இரண்டு பக்கெட். ஐந்தாம் வீட்டு ஒடியாப் பையன்கள், நான் ஒரு நாளும் முகம் பார்த்துப் பேசியதில்லை, குடிக்கிற தண்ணீர் பபுள்டாப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. சோற்றுக்கு இருக்கிறதா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றினோம். யாரோ போனில் நிமிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது. பத்து. தம்மு கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. பேச்சியக்கா மட்டும், "இந்தா முடிஞ்சுது தாயி, இந்தா முடிஞ்சுது" என்று விடாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். பதினைந்தாவது நிமிடம் முடிந்தும் கை நிற்கவில்லை, இருபது வரை ஊற்றினோம். முற்றமெல்லாம் தண்ணீர். சித்திரை மாதத்தில்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு சின்னக் காகிதக் கீற்றை எடுத்துத் தம்முவின் இமைக்குள் தொட்டார். பேச்சியக்கா, "அது என்னட்டி?" என்று என் காதில் கேட்டார். லிட்மஸ். அது என்ன என்று எனக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி லேபில் நூறு தடவை தொட்டிருக்கிறேன். காரம் மிச்சம் இருந்தால் அது நீலமாகும். படித்ததில் ஒன்று வேலைக்கு வந்தது, இந்த நேரம் பார்த்து. அந்த அறையில் டாக்டரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும், என்ன நிறம் வந்தால் என் பிள்ளைக்குக் கண் இல்லை என்று. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலம் வரவில்லை.

"யார் கழுவினது?" என்று டாக்டரம்மா கேட்டார். "நல்லாக் கழுவியிருக்கீங்க. கருவிழியில லேசா உராஞ்ச மாதிரி இருக்கு, சொட்டு மருந்துல ஆறிடும். கழுவாம ஓடி வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்." பிறகுதான் என்னைப் பார்த்தார். புடவையெல்லாம் அந்த நாற்றம். விரலெல்லாம் சிவந்து, நுனியில் தோல் உரிந்து தொங்குகிறது. எனக்கு அதுவரை தெரியவே இல்லை. "நீங்க ஏன்மா இன்னும் இதே துணியில நிக்கறீங்க?" என்று கையை நன்றாகக் கழுவிவிட்டு, களிம்பு கொடுத்து, வீட்டுக்குப் போனதும் இந்தப் புடவையை வெளியே போட்டுவிட்டுத் தலையோடு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று திட்டி அனுப்பினார்.

ஆட்டோவில் திரும்பினோம். பிள்ளை தூங்கிவிட்டாள், ஒரு கண்ணில் பஞ்சு. காம்பவுண்டு வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குள் ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நாலு வீட்டில் கேன் சொல்லிவைத்திருக்கிறார்களே. நான் வாயைத் திறக்காவிட்டால் அடுத்த வாரம் நாலு கேன் வரும்.

"அந்த லேபிள நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க" என்றேன். "எனக்கு வாசிக்கத்தான் தெரியும். கரோசிவ்னா அரிக்கறது. அந்தப் படம் கை கழுவறது இல்லீங்க. கை வெந்துபோறது. அது தெரியாமயே சொல்லிட்டேன். யாரும் அந்தக் கேன வீட்டுல வைக்காதீங்க. தண்ணி புடிக்காதீங்க. எத்தன தடவ கழுவுனாலும் வேண்டாம்."

அப்புறம் பேச்சியக்கா. "அப்ப அது நுரை இல்லியா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும். சிரிக்கும்போதுதான் அழுகை வந்தது. "அக்கா, அந்த மீனு நாத்தமும் அந்தக் கேன்தானுங்க்கா. அந்த அமைனுக்கு அப்படித்தான் வாடை. மூடியோரம் கசிஞ்சிருக்கும் போல. நான் உங்களப் போயி..."

"அது அன்னைக்கே எனக்குத் தெரியும். உன் மாப்பிள்ள வேல முடிஞ்சு வரும்போதும் அதே வாடைதான் அடிக்கும். நீ மோந்து பாத்ததில்லியா?"

ஆறு வீட்டுச் சிரிப்பு. என் முகம் எங்கே போனது என்று தேடவேண்டியதாகிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் அன்று மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்கு நடுவில் ஓடிவந்தவர், இரண்டு கேனையும் அப்போதே பட்டறைக்குத் திருப்பி எடுத்துப்போய்விட்டார். அங்கே அவர் கண்ணாடி போட்டு, கைக்கு உறை போட்டுத்தான் அதைத் தொடுவாராம். வீட்டுக்கு மட்டும் வெறுங்கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சண்டையை நாங்கள் இன்னும் போட்டு முடிக்கவில்லை.

ஆனால் டாக்டரம்மா சொன்ன குளியல் பாக்கி. காம்பவுண்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாம் என் பிள்ளையின் கண் வழியாக முற்றத்தில் ஓடிவிட்டது. என்ன செய்வது என்று நிற்கிறேன். பேச்சியக்கா உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கிவந்தார். குடத்து வாயில் வேப்பிலை செருகியிருந்தது. கோயிலுக்கு மஞ்சள்தண்ணீர் கரைக்க எடுத்துவைத்தது. வேப்பிலையை எடுத்துக் கதவிடுக்கில் செருகிவிட்டு, குடத்தைப் பாத்ரூம் வாசலில் வைத்தார்.

"ஐயோ, அம்மனுக்கு வச்சதுங்க்கா."

"அவளும் பிள்ள பெத்தவதான். ஊத்து போ."

தம்முவை என் இடுப்பிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டார். உரித்து என்றுதான் சொல்ல வேண்டும், என் கை விடவில்லை. பிள்ளை விழித்துக்கொண்டு சிணுங்கினாள். நான் திரும்பி வந்தேன். "நீ உள்ள போட்டி" என்றார். மறுபடி அழுதாள், மறுபடி திரும்பினேன். "எங்கிட்டதான இருக்கா, எங்க போயிரப்போறா?"

இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து நான் கதவைச் சாத்திக் குளித்ததில்லைங்க. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து, இடுக்கு வழியாக ஒரு கண் வெளியே வைத்துக்கொண்டு, இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். யாரை நம்பி விடுவது? அன்றைக்கும் செங்கல் அங்கேதான் கிடந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தேன். பேச்சியக்கா என் பிள்ளைக்கு நிழல் பட வைத்துக்கொண்டு, கழுத்து டேப்பைக் கையில் கொடுத்து, எதையோ அளக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அழுகை நின்றிருந்தது.

செங்கல்லைக் காலால் தள்ளினேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் பழக்கமில்லாமல் இறுகிக் கிடந்தது. உரிந்த விரலால் தள்ள முடியவில்லை, உள்ளங்கையை வைத்து அழுத்தி, முழுக்கப் போகிற வரைக்கும் தள்ளி, உள்ளே தாழ் போட்டேன்.